அத்தானுக்கு வயிற்றைக் கலக்குது

மன்னார்ப் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கத் தேவையில்லை. பெற்றோருக்குத்தான் அதைப் பார்க்கப் பழக்க வேண்டும். மறைந்த டக்சன் பியூஸ்லஸ் இந்த மண்ணிலிருந்து இலங்கைத் தேசிய அணிக்குப் போனவர். அன்றிலிருந்து இங்கே பந்தைக் காலால் தொட்ட பிள்ளையின் தகப்பன் எவரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை.

என் அக்காவின் மகன் பள்ளிமுனைச் சின்னப் பெடியன்களின் அணியில் கோல் காப்பவன். சனிக்கிழமை பேசாலையோடு மச். வெள்ளி பின்னேரமே வந்து சொன்னான்: "மாமா, வயித்துக்குள்ள நண்டு ஓடுது."

"பயப்பிடாத மகன்" என்றார் அத்தான். அதுவரை பிள்ளைக்கு வயிறு மட்டுந்தான் சரியில்லை. பயப்படவும் ஏதோ இருக்கிறதென்று அப்போதுதான் அவனுக்குத் தெரிய வந்தது. அத்தான் விடவில்லை. சாப்பிடும்போது ஒரு "பயப்பிடாத", செபமாலைக்குப் பிறகு ஒன்று, விளக்கை அணைத்தபின் இருட்டுக்குள்ளிருந்தும் ஒன்று. நடுச்சாமத்தில் கக்கூஸ் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிள்ளையாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். அத்தான்!

அக்காவின் வைத்தியம் வேறு. விடியக் காலையிலேயே புட்டும் கணவாய்க் கறியும். "வெறும் வயித்தோட எப்பிடிப் பாயுறது?" பதற்றம் வந்தால் உடம்பு வயிற்றுக்குப் போகிற இரத்தத்தைக் குறைத்துக் கைகால்களுக்கு அனுப்பிவிடும். வயிற்றைப் புரட்டுவது அதனால்தான். அந்த நேரத்தில் கணவாயை அனுப்பினால் அது திரும்பி வரும் வழியைத்தான் தேடும். ஒரு வாழைப்பழத்தையும் பிளேன்டீயையும் கொடுத்துப் பிள்ளையை மீட்டேன். கணவாயை நான் பார்த்துக்கொண்டேன்.

அம்மாவின் கவலை இறையியல் சார்ந்தது. "பேசாலைக் கோயில் வெற்றி மாதா கோயிலடா. பேரிலயே வெற்றி இருக்கு. நாங்கள் என்ன செய்யலாம்?" பிறகு தானே சமாதானமும் கண்டார். பள்ளிமுனையின் பாதுகாவலி புனித லூசியா, கண்ணுக்கு உரியவர். கோல் காப்பவனுக்குக் கண்தானே வேண்டும்? இருந்தாலும் மடு மாதா கோயில் மண்ணில் ஒரு சிட்டிகையைப் பேப்பரில் மடித்து அவன் காலுறைக்குள் வைத்தார்.

"அது பாம்புக்கடிக்கெல்லோ அம்மா?"

"பெனால்டியும் விஷந்தான்."

மோட்டார் சைக்கிளில் போகும்போது என் முறை. 2014இல் ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் என்பவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மேடையேறப் போகிறவர்களில் சிலரை "அமைதியாக இருக்கிறேன்" என்றும், சிலரை "உற்சாகமாக இருக்கிறேன்" என்றும் வாய்விட்டுச் சொல்ல வைத்தார்கள். உற்சாகம் என்றவர்களே நன்றாகப் பேசினார்கள். பயத்துக்கும் உற்சாகத்துக்கும் நெஞ்சு ஒரே மாதிரித்தான் அடிக்கும். படபடப்பை அடக்குவதைவிட அதற்குப் பெயரை மாற்றுவது லேசு.

"கத்திச் சொல்லு."

"ஆருக்கு மாமா?"

தலைமன்னார் வீதியில் கழுதைகளுக்குக் குறைவில்லை. "எனக்கு உற்சாகமா இருக்கு!" என்று அவன் கத்தியதை ஒரு கழுதை நிமிர்ந்து கேட்டது. ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. வீட்டில் இப்படி ஓர் ஆள் இருந்தால் போதும்.

பிள்ளைக்கு ஆறுதலைவிட வேலை கொடுப்பது நல்லது என்பது என் கட்சி. மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலையின் 30 காற்றாடிகள் நிற்கின்றன. அவை முகம் காட்டும் திசையிலிருந்துதான் காற்று வரும். சோழகக் காலத்தில் எதிர்க்காற்றுக்கு உயர அடித்த பந்து அடித்தவனிடமே திரும்பிவிடும். "காத்தாடியப் பாத்து, எந்தப் பாதியில நிலத்தோட அடிக்கோணும் எண்டு காப்டனிட்டச் சொல்லு" என்றேன். மைதானம் வரும்வரை அவன் காற்றாடிகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நண்டைப் பற்றிய பேச்சே இல்லை.

இரண்டாம் பாதியில் பெனால்டி. பதினொரு மீற்றர். அத்தான் திரும்பி நின்று கடலைக் கடைக்காரனிடம் கடலை விலை விசாரித்தார். உதைத்தவன் நேராக அடித்தான். மருமகன் அசையாமல் நடுவில் நின்றான். பந்து அவன் முழங்காலில் பட்டு வெளியே போனது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 286 பெனால்டிகளை ஆராய்ந்து இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட முடிவு இதேதான்: நடுவில் நிற்பவனுக்கே தடுக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் சும்மா நின்று கோல் வாங்கினால் வெட்கம் என்று பெரிய காப்பாளர்களும் ஏதாவதொரு பக்கம் பாய்ந்துவிடுகிறார்கள். நூற்றுக்கு ஆறு தடவைதான் நிற்கிறார்கள்.

"கெட்டிக்காரன்! எப்பிடியடா நடுவில நிண்டனி?"

"கால் எழும்பேல்ல மாமா."

அம்மா அதைக் கேட்டதும் காலுறையைத்தான் பார்த்தார்.

மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். மருமகன் வழியில் ரோல்ஸ் கேட்டு இரண்டு சாப்பிட்டான். அடுத்த சனிக்கிழமை தாழ்வுபாட்டோடு மச். அத்தானுக்கு இப்பவே சோறு இறங்குவதில்லை. அவரையும் ஒருக்கால் தலைமன்னார் வீதிக்குக் கூட்டிப் போகச் சொல்லி அக்கா கேட்டிருக்கிறாள்.