தை மாதத்துச் செவ்விலை

கேள்வி: மேலைநாடுகளில் அக்டோபர் வந்தால் இலைகள் சிவப்பதைப் பார்க்கவே பூங்காக்களுக்குப் போகிறார்கள். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அப்படி ஏதும் உண்டா?

பதில்: உண்டு, மாதம்தான் வேறு. அக்டோபரில் இங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்கும். செஞ்சியின் பாறைக் குன்றுகளே பச்சை கட்டும். இலையுதிர்வு தை, மாசியில். குளிர்நாட்டு மரம் பனிக்காலத்தைத் தாண்ட இலையை உதிர்க்கிறது. இம்மண்ணின் மரம் கோடைக்கு முன் நீரைச் சேமிக்க உதிர்க்கிறது.

நிறத்தில் முதலிடம் வீட்டு வாசல்களில் நிற்கும் நாட்டு வாதுமைக்கு. பச்சையம் சிதையச் சிதைய மற்ற நிறமிகள் வெளிப்பட்டு, உள்ளங்கையைவிட அகன்ற இலை மஞ்சளாகி, செம்மையேறி உதிரும். ஒரே கிளையில் மூன்று நிறமும் தெரியும். சாலையோரப் புளியை மட்டும் பார்த்துவிட்டு இங்கே நிறமில்லை என்பது அநியாயம். பிறகு புங்கம் இளம்பச்சையிலும், அரசு செம்பு நிறத்திலும் துளிர்க்கும்; உதிரும் இலையைவிட அழகு அந்தத் தளிர்தான்.