மாறாத மாறி

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண். இந்த நூறு மதிப்பெண்ணுக்காக அதிகம் உழைப்பது கணினி அல்ல, பேனா.

பைத்தானில் உள்தள்ளல் ஓர் இடம் பிசகினாலும் நிரல் படுத்துவிடும். ரெக்கார்டு நோட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டால் எந்த நிரலும் ஓடும். ஓடிய விடை எதிர்ப்பக்கத்தில் பென்சிலில் முன்கூட்டியே தயார்.

“மாறி என்றால் என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பே ஒரே குரலில் வரையறையை ஒப்பிக்கும். “சரி, தொடர்பெருக்கல் (factorial) நிரலில் உள்ள 5-ஐ 7 ஆக்கு” என்றால் ஆய்வகமே உறைந்துபோகும். திரையில் 5040 வந்ததும் ஒரு கை உயரும்: “சார், தப்பா வருது. நோட்டுல 120-ன்னுதானே இருக்கு?”

மனப்பாடம் செய்வதில் கணினியை நம் பிள்ளைகள் என்றோ வென்றுவிட்டார்கள். யோசிப்பதில்தான் இருவரும் சமம்.

ஆசிரியப் பெருமக்களே, செய்முறைத் தேர்வு முடிந்த மறுநாளாவது அந்த மாறியைக் கொஞ்சம் மாற விடுங்கள்.