ஒட்டுகிற டயர்

கேள்வி: சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு டிராக் (drag) பந்தய டயர் மாட்டலாமா?

பதில்: மொட்டையான ஸ்லிக் டயர் பந்தயத் தடத்துக்கு மட்டுமே. சாலைக்கும் அனுமதியுள்ளது டிராக் ரேடியல். 2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமன், தொழிற்சாலையிலேயே நிட்டோ என்டி05ஆர் டிராக் ரேடியலோடு வந்தது. நான்கும் 315 மி.மீ. அகலம். மென்மையான ரப்பர் சூடேறினால் தடத்தைக் கடன்காரரைப்போல் பிடிக்கும். தேய்வதிலும் அதே அவசரம். பட்டன் ஆழமில்லாததால் மழைத்தண்ணீர் வெளியேறாது, கார் மிதக்கும். உறைகுளிரில் ரப்பர் விரிசல் விடலாம். அன்றாட ஓட்டத்துக்கு மிக்கி தாம்சன் நிறுவனத்தின் ஈ.டி. ஸ்ட்ரீட் எஸ்/எஸ் டயர் பரவாயில்லை, ஈ.டி. ஸ்ட்ரீட் ஆர் பந்தயப் பிரியருக்கு. முன்னே ரேடியல், பின்னே பயாஸ்-பிளை (குறுக்கு இழை டயர்) என்ற கலப்பு அதிவேகத்தில் காரை ஆட்டம்போட வைக்கும். பிடிமானத்துக்காகத் தடத்தில் குறைத்த காற்றை, வீடு திரும்புமுன் ஏற்றியாக வேண்டும்.