அவருக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு?

கேள்வி: வயது 27. சேமிப்பு 90,000 ரூபாய். கல்லூரியில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன் 12 லட்சம் சேர்த்துவிட்டான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம்தான். நான் எங்கே கோட்டை விட்டேன்?
(ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: எங்கேயும் விடவில்லை. கடிதத்தின் பின்பாதியில் நீங்களே எழுதியிருக்கும் செலவுகளைக் கூட்டிப் பார்த்தேன். விடுதிக்கு 8,000, ஊருக்கு அனுப்புவது 10,000, கல்விக் கடன் தவணை 6,000. மாதம் 24,000 ரூபாய். நண்பர் சென்னையில் அப்பா கட்டிய வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறார், கடன் இல்லை, வீட்டுக்குப் பணம் தர வேண்டியதும் இல்லை என்கிறீர்கள். அந்த 24,000 அவர் பையிலேயே தங்கிவிடுகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு அது 14 லட்சத்து 40 ஆயிரம். உங்கள் இருவருக்கும் இடையே இருக்கும் வித்தியாசமோ 11 லட்சத்து 10 ஆயிரம்தான். அவருக்கு இருந்த வசதி உங்களுக்கும் இருந்திருந்தால் இன்று நீங்கள் அவரைத் தாண்டி நின்றிருப்பீர்கள்.

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. ஐந்து ஆண்டில் கல்விக் கடனுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் கட்டியிருக்கிறீர்கள். அடைத்த கடனும் சேர்த்த பணம்தான். வங்கிப் புத்தகத்தில் அது தெரியாது என்பதால் இல்லாமல் போய்விடாது.

கேள்வி: ‘30 வயதுக்குள் ஓராண்டுச் சம்பளம் சேமிப்பில் இருக்க வேண்டும்’ என்று ரீல்ஸில் அடிக்கடி வருகிறது. எனக்கு வயது 29. தூக்கம் வரவில்லை.
(ஒரு வாசகி, மதுரை)

பதில்: இந்தக் கணக்கைப் பரவலாக்கியது அமெரிக்காவின் ஃபிடெலிட்டி நிறுவனம். 30 வயதில் ஒரு மடங்கு, 40-ல் மூன்று மடங்கு, 67-ல் பத்து மடங்கு என்று போகும். அந்த நாட்டுச் சம்பளத்துக்கும், அந்த நாட்டு ஓய்வூதிய ஏற்பாட்டுக்கும், 67 வயதில் ஓய்வு பெறுகிறவருக்கும் போட்ட கணக்கு. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெற்றோருக்குப் பெரும்பாலும் அரசின் சோஷியல் செக்யூரிட்டி பணம் மாதாமாதம் வந்துவிடும். இங்கே நெசவு செய்த அப்பாவுக்கும், மளிகைக் கடை வைத்திருந்த மாமாவுக்கும் எந்த ஓய்வூதியம் வருகிறது? பிள்ளைதான் ஓய்வூதியம். அந்தச் சுமையைத் தூக்குகிறவர்களை, தூக்காதவர்களுக்காகப் போட்ட அளவுகோலால் அளப்பது அநியாயம். ரீல்ஸ் போடுகிறவர் அந்த அடிக்குறிப்பைச் சேர்ப்பதில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தக் கணக்கிலேயே ஓய்வுக்காலச் சேமிப்பைத்தான் எண்ணுகிறார்கள். நீங்கள் பி.எஃப். பணத்தைச் சேர்த்து எண்ணினீர்களா?

கேள்வி: பி.எஃப். எல்லாம் சேமிப்பா? அது கைக்கு வராத பணமாயிற்றே.
(ஒரு வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: கைக்கு வராததால்தான் அது தப்பித்து வளர்கிறது. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். நிறுவனமும் 1,800 போடுகிறது. அதில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும், மீதி 550 உங்கள் பி.எஃப். கணக்குக்கு வரும். ஆக மாதம் 2,350. 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுகளும் வட்டி 8.25 சதவீதம். அதே விகிதம் நீடித்தால் ஐந்து ஆண்டில் ஏறக்குறைய 1 லட்சத்து 70 ஆயிரம். ‘எனக்குச் சேமிப்பே இல்லை’ என்று புலம்புகிற பலரிடம் இந்தத் தொகை பேசாமல் கிடக்கிறது.

வேலை மாறும்போது அதை உருவிச் செலவழிக்கும் பழக்கம்தான் ஆபத்து. தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுப் பணி முடிவதற்குள் எடுத்தால் வருமான வரியும் உண்டு. பழைய நிறுவனத்துக் கணக்கைப் புதியதோடு அதே யு.ஏ.என். எண்ணில் சேர்த்துவிடுங்கள். இன்றைக்கே பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: கூட வேலை பார்ப்பவர் கார் வாங்கிவிட்டார். நான் இன்னும் பஸ்ஸில்.
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: கார் வாசலில் நிற்கிறது, எல்லோருக்கும் தெரிகிறது. ஏழு வருடத் தவணை அவர் மனதில் நிற்கிறது, யாருக்கும் தெரியாது. பஸ்ஸிலேயே போங்கள்.

கேள்வி: எனக்கு 25 வயது. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 18,000. மூன்று வருடமாக மொத்தத்தையும் அம்மாவிடம் கொடுக்கிறேன். தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். என் பெயரில் ஒரு ரூபாய்கூட இல்லை. தோழிகள் நகைச்சீட்டு, எஸ்.ஐ.பி. என்று பேசும்போது எழுந்து போய்விடுகிறேன்.
(ஒரு வாசகி, திருப்பூர்)

பதில்: எழுந்து போகாதீர்கள் அம்மா. அந்த வட்டத்தில் உட்கார எல்லோரையும்விட அதிக உரிமை உள்ளவர் நீங்கள்தான். மூன்று வருடம், மாதம் 18,000 என்றால் 6 லட்சத்து 48 ஆயிரம் ரூபாய். ஒரு குடும்பம் அதில் சாப்பிட்டிருக்கிறது, ஒரு பையன் படித்திருக்கிறான். இதை ‘ஒரு ரூபாய்கூட இல்லை’ என்று சொல்ல உங்களை யார் பழக்கினார்கள்?

அதற்காக இப்படியே தொடரச் சொல்ல மாட்டேன். வீட்டைத் தாங்குகிற பெண்ணின் பெயரில் எதுவும் இல்லாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. நாளைக்குக் கல்யாணம் என்று வரும், வேலை போகும், உடம்புக்கு வரும். அப்போது யாரிடமும் கை நீட்டாமல் எடுக்க ஒரு தொகை உங்கள் பெயரில் வேண்டும். அஞ்சலகத்தில் ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம், ஐந்து ஆண்டுத் திட்டம். நீங்கள் 1,500 போடுங்கள். சம்பளம் வந்த அன்றே, அம்மாவிடம் கொடுப்பதற்கு முன்னால். அம்மாவிடம் மறைக்கவும் வேண்டாம். ‘அம்மா, இனி 16,500 தருகிறேன், 1,500 என் பெயரில் போடுகிறேன்’ என்று நேராகச் சொல்லுங்கள். முதல் இரண்டு மாதம் வீட்டில் முகம் சுளிப்பார்கள். மூன்றாம் மாதம் பழகிவிடும்.

வீட்டில் சம்பாதிப்பது நீங்கள் ஒருவர்தான் என்பதால் இன்னொன்று. வங்கிக் கணக்கு வழியாகவே இரண்டு அரசுக் காப்பீடுகள் எடுக்கலாம். ஆண்டுக்கு 20 ரூபாயில் விபத்துக் காப்பீடு, 436 ரூபாயில் ஆயுள் காப்பீடு, ஒவ்வொன்றிலும் 2 லட்சம். ஒரு சுடிதார் துணி விலைக்குள் இரண்டும் முடிந்துவிடும்.

தம்பி படித்து முடித்ததும் அடுத்த பாரம் அவனுடையது. அதை இப்போதே, அவன் முன்னாலேயே பேசி வைத்துவிடுங்கள்.

கேள்வி: ‘உன் வயதில் நான் மனை வாங்கி வீடே கட்டிவிட்டேன்’ என்கிறார் அப்பா. பதில் சொல்லத் தெரியவில்லை.
(ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அவர் கட்டியது உண்மை, பெருமைப்பட வேண்டியது. ஆனால் அவர் காலத்து வட்டியையும் கேட்டுப் பாருங்கள். 1986 முதல் 1999 முடிய பி.பி.எஃப். வட்டி 12 சதவீதம். இப்போது சில ஆண்டுகளாக 7.1. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். அப்பாவின் பணம் ஆறு ஆண்டில் இரட்டித்தது, உங்களுடையதற்குப் பத்து ஆண்டு. 1988-ல் வந்த கிசான் விகாஸ் பத்திரம் அன்று ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பு, இன்று 115 மாதம். அவர் அரசு ஊழியர் என்றால் ஓய்வூதியமும் உறுதியாக இருந்தது. தமிழக அரசில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை.

அப்பா காலத்தில் விலைவாசியும் வேகமாகத்தான் ஏறியது, அவரும் சும்மா சம்பாதிக்கவில்லை. ஆகவே சண்டைக்குப் போகாதீர்கள். மனையை எவ்வளவுக்கு வாங்கினார், அப்போது சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். எத்தனை மாதச் சம்பளத்தில் அந்த மனை வந்தது என்று பாருங்கள். அதே தெருவில் இன்றைய விலையை உங்கள் சம்பளத்தால் வகுத்து அவரிடமே காட்டுங்கள். பத்து நிமிடத்தில் இருவரும் ஒரே பக்கம் வந்துவிடுவீர்கள்.

கேள்வி: எஃப்.டி.யில் 70,000 இருக்கிறது. கிரெடிட் கார்டில் 60,000 பாக்கி. எஃப்.டி.யை உடைத்தால் சேமிப்பே போய்விடுமே என்று ‘மினிமம் டியூ’ மட்டும் கட்டி வருகிறேன்.
(ஒரு வாசகி, திருச்சி)

பதில்: உடையுங்கள், இன்றே. எஃப்.டி. ஆண்டுக்கு 7 சதவீதம் தருகிறது. கார்டு மாதத்துக்கு மூன்றரை சதவீதம் வாங்குகிறது என்றால் ஆண்டுக்கு 42. உங்களிடம் 70,000 இருப்பதாக நினைக்கிறீர்கள். இருப்பது 10,000. மீதி, வட்டி கட்டிக் காப்பாற்றும் தோற்றம்.

கேள்வி: நண்பர்கள் எல்லாம் முன்னேறிவிட்டார்கள். மாதம் 10 சதவீதம் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. ஒரே போடாகப் போட்டால் பிடித்துவிடலாமா?
(ஒரு வாசகர், வேலூர்)

பதில்: வேண்டாம். மாதம் 10 சதவீதம் என்றால் ஒரு லட்சம் ஓராண்டில் 3 லட்சத்து 13 ஆயிரம் ஆக வேண்டும். ஐந்து ஆண்டில் 3 கோடியைத் தாண்ட வேண்டும். அந்த வித்தை கையில் இருப்பவருக்கு உங்கள் ஒரு லட்சம் எதற்கு? தொண்ணூறுகளில் தேக்கு மரம் வளர்த்துத் தருவதாகச் சொன்ன அனுபவ் முதல், மாதம் 25, 30 சதவீதம் என்று ஆசை காட்டி 2022-ல் வழக்கில் சிக்கிய ஆருத்ரா வரை தமிழ்நாடு பார்த்துவிட்டது. பேராசைக்காரர்கள்தான் ஏமாந்தார்கள் என்று சொல்வது எனக்குக் கோபத்தை வரவழைக்கும். ‘மற்றவர்கள் எங்கோ போய்விட்டார்கள், நான் மட்டும் நிற்கிறேன்’ என்ற பதற்றத்தில் போட்டவர்கள் எத்தனையோ பேர். உங்கள் கேள்வியின் முதல் வரியே அதுதான். அந்த வரியைத்தான் ஏஜென்ட் தேடிக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: அலுவலகத்தில் ஏலச்சீட்டு நடத்துகிறார்கள். சேரலாமா?
(ஒரு வாசகர், நாமக்கல்)

பதில்: பதிவு செய்த சீட்டா என்று முதலில் கேளுங்கள். 1982-ம் ஆண்டுச் சட்டப்படி சீட்டுப் பதிவாளரிடம் முன் அனுமதி பெற்றுத்தான் நடத்த வேண்டும். அனுமதி எண்ணைக் காட்டத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள். சீக்கிரம் தள்ளி எடுத்தால் அது கடன், கடைசிவரை காத்திருந்தால் சேமிப்பு. நீங்கள் எதற்காகச் சேருகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

கேள்வி: வயது 31. சாஃப்ட்வேர் வேலை. 40 லட்சம் சேர்த்திருக்கிறேன். ஆனாலும் கல்லூரி வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் வயிற்றைக் கலக்குகிறது. அமெரிக்கா போனவர்கள் கோடியில் பேசுகிறார்கள்.
(ஒரு வாசகர், சென்னை)

பதில்: உங்கள் மாதச் செலவு 50,000 என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கே வேலை போனாலும் 80 மாதம், ஆறரை ஆண்டுக்கு மேல் தாங்கும். பயம் இன்னும் இருக்கிறது என்றால் அதைப் போக்க 41-வது லட்சத்தால் முடியாது. குழுவை மியூட் செய்யுங்கள். இந்தப் பணம் எதற்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள்: வீடா, பெற்றோர் மருத்துவமா, ஐந்து ஆண்டு கழித்து வேறு தொழிலா? பெயர் வைக்காத பணம் எவ்வளவு சேர்ந்தாலும் குறைவாகவே தெரியும்.

கேள்வி: உணவு டெலிவரி வேலை. ஒரு வாரம் 6,000, மறு வாரம் 2,500. எனக்கு எந்த அறிவுரையும் பொருந்துவதில்லை.
(ஒரு வாசகர், கோவை)

பதில்: பொருந்தாததற்குக் காரணம் நீங்கள் இல்லை. மாதச் சம்பளக்காரர்களுக்காகவே எல்லாரும் எழுதுகிறோம். உங்களுக்குத் தொகை ஒத்துவராது, பங்குதான் ஒத்துவரும். பெட்ரோல் போக மிஞ்சியதில் பத்தில் ஒன்று, நல்ல வாரமோ மோசமான வாரமோ. அது வண்டி ரிப்பேருக்கும் மழைக்கால வாரங்களுக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கிவிடுங்கள், ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. கையில் பணம் சேர்வதற்கு முன்பே பெரிய செலவு ஒன்று தடுக்கப்பட்டுவிடும்.

கேள்வி: மற்றவரோடு ஒப்பிட வேண்டாம், சரி. எதோடுதான் ஒப்பிடுவது?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: உங்கள் மாதச் செலவோடு. சேமிப்பை அதால் வகுங்கள். சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் ஓடும்? போன தீபாவளிக்கு ஒரு மாதம், இந்தத் தீபாவளிக்கு மூன்று மாதம் என்றால் நன்றாகவே போகிறீர்கள். ஆறு மாதம் வரும்வரை பங்குச் சந்தைப் பக்கம் போக வேண்டாம், வங்கியிலேயே இருக்கட்டும். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. அதற்குப் பிறகு மற்றவை.

கேள்வி: பெண் வீட்டார் ‘மாப்பிள்ளைக்குச் சேமிப்பு எவ்வளவு?’ என்று கேட்கிறார்கள். 80,000 என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஐந்து லட்சம் பர்சனல் லோன் எடுத்துக் கல்யாணத்தை விமரிசையாக நடத்திவிட்டால் பேச்சே எழாது என்கிறார் சித்தப்பா.
(ஒரு வாசகர், விழுப்புரம்)

பதில்: 14 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 11,600, மொத்தம் கட்டுவது 7 லட்சத்தை நெருங்கும். அந்தத் தவணையை உங்களோடு சேர்ந்து கட்டப்போவது, இப்போது நீங்கள் 80,000-ஐ மறைக்க நினைக்கும் அதே பெண். அவரிடம் தனியாகப் பேசுங்கள். சேமிப்பைச் சொல்லுங்கள், கடன் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அவருடையதையும் கேளுங்கள். பிறகு இருவருமாகச் சித்தப்பாவிடம் போய் மண்டபத்தைச் சின்னதாகப் பார்க்கச் சொல்லுங்கள்.