மூன்று வயதில் நான்கு வரி நோட்டு எதற்கு?

கேள்வி: மூன்று வயது மகனை வேனில் செஞ்சிக்கு அனுப்பி நர்சரியில் சேர்க்கவா, ஊர் அங்கன்வாடியிலேயே விடவா? "இன்னும் எழுதவில்லையா?" என்று மாமியார் கேட்கிறார்.
– ஒரு தாய், அனந்தபுரம்

பதில்: செஞ்சியின் ராஜகிரிக் கோட்டை உச்சிக்கு மூன்று வயதுப் பிள்ளையைத் தனியாக ஏற்றிவிடுவாரா மாமியார்? பிறகு நான்கு வரி நோட்டில் மட்டும் ஏன் ஏற்றச் சொல்கிறார்? பென்சில் பிடிக்க விரல் தசைகள் முதிர வேண்டும். முதல் கிண்டர்கார்ட்டனை 1837-இல் ஜெர்மனியில் தொடங்கிய ஃப்ரோபல், பிள்ளைகள் கையில் பந்தையும் மரக்கட்டையையும் கொடுத்தார். 1939-இல் அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரி, சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழக வைத்தார். நம் திண்ணைப் பள்ளிகளும் மணலில் விரலால்தான் எழுத வைத்தன. மூன்று வழிகளும் விரலைத்தான் முதலில் நம்பின, அம்மா!

அங்கன்வாடியைக் குறைவாக எண்ணாதீர்கள். 1975-இல் தொடங்கிய திட்டம் அது. சாப்பாடு, முட்டை, எடை பார்ப்பது, பாட்டு, விளையாட்டு எல்லாம் இலவசம். 2019-இல் தமிழக அரசு 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி.யும் தொடங்கியது.

தனியார் பள்ளிதான் என்றால், கட்டணம் கேட்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். விளையாட மண் இருக்கிறதா? பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கழிப்பறை உண்டா? வேனில் உதவியாளர் இருக்கிறாரா? மூன்று வயதுக்கு வீட்டுப்பாடம் தரும் பள்ளி என்றால் வேண்டவே வேண்டாம்.