சாக்ரமென்டோ மாட்சி: ஒரு கண்டன மறுப்பு

எடுத்துக்கொண்ட பொருள்

அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1935-இல் மில்வாக்கியில் தோன்றியது. கோடையில் ஏதேனும் ஓர் ஊரில் கூடி, பொம்மை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளும் ரயில்களைப் பற்றி ஒரு வாரம் பேசிக் கலைவது அதன் மரபு. 2011 ஜூலையில் அது கூடிய ஊர், கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோ. “ஜூலையில் அங்கே போய் வெந்து சாவதா?” என்று யாரேனும் முகம் சுளிப்பாராயின், அவர் கூற்றுப் பொருந்தாது என்பதும், இத்தொழிலுக்கு அதனினும் தக்க ஊர் இல்லை என்பதும் இங்கு நிறுவப்படும்.

வெயில் பற்றிய ஆட்சேபம்

ஜூலைப் பிற்பகலில் அவ்வூரில் 34 டிகிரி செல்சியஸ் சர்வசாதாரணம். சில நாள் 40-ஐயும் தாண்டும். மறுப்பதற்கில்லை. ஆனால், பெரும்பாலோர் கையாளும் எச்ஓ அளவு 1:87. எஞ்சின், பாலம், பயணி எல்லாம் 87 மடங்கு சுருங்கியிருக்க, வெயிலை மட்டும் முழு அளவில் கணக்கெடுப்பது எந்த ஊர் நியாயம்? 34-ஐ 87-ஆல் வகுத்தால் 0.4 டிகிரி. அதே வெயிலை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, 93-ஐ வகுத்தால் 1 டிகிரி. செல்சியஸில் அது மைனஸ் 17. இரண்டு விடையும் ஒத்துவராதது வெப்பமானி கண்டவர்களின் குற்றமேயன்றி ஆராய்ச்சியின் குற்றம் அன்று. எவ்வழி வகுத்தாலும் ஸ்வெட்டர் தேவை என்ற முடிபில் மாற்றமில்லை.

“அற்றேல், குளிர்காலத்தில் கூடலாமே” எனின், ஆகாது. 1952 ஜனவரியில் ‘சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ’ என்ற வண்டி, ஊருக்குக் கிழக்கே சியரா நெவாடா மலையில் பனிக்குள் சிக்கி, இருநூறுக்கு மேற்பட்டோருடன் மூன்று நாள் நின்றுவிட்டது. வரவேற்புரை ஆற்ற வேண்டியவர் நன்றியுரைக்கு வந்து சேரும் நிலையை எந்த மாநாடும் தாங்காது.

உடன்பாட்டுச் சான்றுகள்

உண்மை ரயிலைப் பார்த்து மாதிரி ரயில் செய்வது உலக வழக்கு. சாக்ரமென்டோவிலோ, மாதிரி ரயிலைப் பார்த்தே உண்மை ரயிலைச் செய்திருக்கிறார்கள். சான்றுகள் நான்கு.

முதலாவது, மலையை வேண்டிய இடத்தில் வைத்தமை. மாதிரி ரயில்காரர் கம்பிவலையும் பிளாஸ்டரும் கொண்டு இதைச் செய்வார். இவ்வூரிலிருந்து கிழக்கே பாதை போட்ட சென்ட்ரல் பசிபிக் கம்பெனிக்குக் காகிதமே போதுமாயிருந்தது. 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதை போட மைலுக்குச் சமவெளியில் 16,000 டாலரும் மலையில் 48,000 டாலரும் அரசின் கடனுதவி. எனவே, மாநில நிலவியலாளர் ஜோசையா விட்னியின் வாக்கைப் பெற்று, ஊரிலிருந்து ஏழே மைலில், தட்டையாகக் கிடந்த ஆர்கேட் ஓடைக்கரையிலேயே சியரா மலை தொடங்கிவிட்டதாகக் கணக்குக் காட்டினார்கள். ஜனாதிபதி லிங்கனும் ஒப்பினார். மலை வைத்ததற்காக வீட்டில் திட்டு மட்டுமே வாங்கியவர்கள், இவ்வூர் மண்ணைத் தொட்டுக் கும்பிடக் கடமைப்பட்டவர்கள்.

இரண்டாவது, பெட்டியில் வந்த எஞ்சின். கம்பெனியின் முதல் எஞ்சினான ‘கவர்னர் ஸ்டான்ஃபோர்டு’ பிலடெல்பியாவில் செய்யப்பட்டு, பாகம் பாகமாகக் கப்பலேறி, கேப் ஹார்ன் முனையைச் சுற்றி வந்து, 1863-இல் இங்கே பூட்டப்பட்டது. பார்சல் வருமா, வந்தால் எல்லாத் திருகாணியும் இருக்குமா என்ற தவிப்பின் தொன்மை இதனால் விளங்கும்.

மூன்றாவது, நிலவறை. அமெரிக்க மாதிரி ரயில்காரர் பலருக்கும் அதுவே ராஜ்ஜியம். 1862 வெள்ளத்துக்குப் பின் இவ்வூரார் மண் கொட்டித் தெருக்களை உயர்த்தினர். சில கட்டடங்களை ஜாக்கி வைத்தே தூக்கினர். தூக்காதவற்றில் தரைத்தளம் நிலவறை ஆயிற்று.

நான்காவது, ரயிலுக்குக் கூரை. பனிக்கு அஞ்சி, மலைப்பாதையில் முப்பது மைலுக்கு மேல் மரக்கொட்டகை போட்டு, ரயிலை வீட்டுக்குள் ஓடவிட்டது இந்தக் கம்பெனி. உள்ளே புகை மூட்டியதால், பின்னாளில் வந்த சதர்ன் பசிபிக் கம்பெனி ஓட்டுநர் அறையை எஞ்சினின் முன்பக்கம் வைத்தது. சிறுபிள்ளை தண்டவாளத்தில் திருப்பி வைத்தாற்போன்ற தோற்றம்! அவ்வகையில் எஞ்சியது 1944-இல் செய்த 4294 ஒன்றே. 1981-இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்தில் அது இவ்வூரிலேயே நிற்பது தற்செயல் எனக் கொள்வார் ஆராய்ச்சி அறியார்.

புறனடை

மேற்கண்ட விதிக்கு அடங்காதது ஒன்று உண்டு. அதே பாதையின் மலையுச்சிச் சுரங்கம் ஏறத்தாழ 506 மீட்டர். எச்ஓ அளவில் ஆறு மீட்டருக்கும் குறைவு. ஒரு வார விடுமுறையில் முடிந்துவிடும் வேலை. ஆனால், உண்மைச் சுரங்கத்தின் கருங்கல்லைச் சீனத் தொழிலாளர்கள் கையால் துளையிட்டு, வெடிவைத்துக் குடைந்தார்கள். அந்த உழைப்பை 87-ஆல் வகுக்கும் துணிவு இக்கட்டுரைக்கு இல்லை.

கால முரண் பற்றிய இறுதி ஆட்சேபம்

“பாதை வேலை தொடங்கியது 1863, சங்கம் தோன்றியது 1935. முந்தியது பிந்தியதைப் பார்த்து எப்படிச் செய்யும்?” என்பது கூர்மையான வினா. விடை எளிது. விரைவுக் கடிகாரம் மாட்டி, காலத்தைச் சுருக்கி வண்டி விடுவது மாதிரி ரயில்காரரின் அன்றாடம். இடைப்பட்ட 72 ஆண்டுகளை 87-ஆல் வகுத்தால் பத்து மாதம்கூட ஆகாது. ரயில் விஷயத்தில் பத்து மாதம் முன்பின் ஆவதைத் தாமதம் என்று எழுதிக்கொள்ளும் வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை.