சம்மாட்டியும் பத்தாம் இலக்கமும்

கேள்வி: கால்பந்தில் ஒரு நட்சத்திரம் இருந்தால் போதாதா? மற்றப் பத்துப் பேரும் எதற்கு?
– வாசகர், பேசாலை

பதில்: கரைவலை இழுக்கும் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி! வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி மட்டும் மணலில் நின்று சத்தம் போட்டால் மடி தானாகக் கரையேறுமா? இரண்டு கயிற்றுக்கும் ஆள் வேண்டும். ஒரு பக்கம் பிந்தினால் வலை கோணி, மீன் நழுவிவிடும். ‘1986இல் பத்தாம் இலக்க மரடோனா தனியாளாகத்தானே உலகக் கோப்பை வென்றார்’ என்பீர்கள். மேற்கு ஜெர்மனியுடனான இறுதியாட்டத்தில் ஆர்ஜென்டினா போட்ட மூன்று கோல்களில் அவருடையது ஒன்றுகூட இல்லை. பிரவுண், வல்தானோ, புருச்சாகா என்று மூவர் போட்டார்கள், முதலாமவர் பின்வரிசைக்காரர்! ஜெர்மனியின் மத்தேயுஸ் மரடோனாவை நிழல்போல் ஒட்டி நின்றதில் மற்றவர்களுக்கு இடம் கிடைத்தது. கடைசிக் கோலுக்குப் பந்தைத் தள்ளிவிட்டவர் மரடோனாதான், அதை மறைத்தால் எனக்குப் பாவம். ஆனால் தள்ளிய பந்தைத் துரத்திப் பிடிக்க ஒருவர் ஓடினாரே!

திறமை வேண்டாம் என்று சொல்லவில்லை. திறமை மட்டும் போதுமென்றால் மெஸ்ஸி ஆர்ஜென்டினாவுக்காக ஆடிய பெரிய போட்டிகளில் 2014, 2015, 2016 என்று மூன்று வருடமும் இறுதியாட்டத்தில் தோற்றிருக்க மாட்டார். 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மேலதிக நேரம் முடியும் தறுவாயில் பிரான்ஸின் கொலோ முவானி அடித்த பந்தை, கோல் காப்பாளர் மார்ட்டினெஸ் இடதுகாலை நீட்டித் தடுத்த பிறகுதான் கோப்பை மெஸ்ஸி பக்கம் வந்தது. உலகக் கோப்பையின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தை, தோற்ற 2014இலும் மெஸ்ஸிக்குத்தான் கொடுத்தார்கள். வாங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தீர்களா?